4 சென்டிமீட்டர் ஓரம்

இக்னோ என்று நாம் சொல்லும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் ஒரு கையேடு வரும். அசைன்மெண்ட் எழுதுவது எப்படி என்று அதில் ஒரு பகுதி உண்டு. ரொம்ப மெல்லிய தாளாக இருக்கக் கூடாது, சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும், முதல் பக்கத்தில் பதிவு எண், பெயர், முகவரி, பாடக் குறியீடு எல்லாம் இருக்க வேண்டும் என்று வரிசையாகப் போகும். அதற்கு நடுவில் ஒரு குறிப்பு: இடது பக்கம் 4 சென்டிமீட்டர் ஓரம் விடுங்கள், ஒவ்வொரு பதிலுக்கும் இடையே 4 வரி இடம் விடுங்கள். காரணமும் அங்கேயே இருக்கும். திருத்துகிறவர் உரிய இடத்தில் பயனுள்ள குறிப்புகளை எழுதுவதற்காக.

முதல் தடவை படித்தபோது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்தேன். சாயங்காலம் கணக்கு முடித்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்கு உட்காருவேன். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கோடு போட்டேன். ஓரம் அதிகமாகப் போவதால் தாள் கூடுதலாகச் செலவாகிறதே என்றுதான் அப்போது தோன்றியது. மூன்று ராத்திரி எழுதி முடித்து, ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, கல்வி மையத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தேன். அப்புறம் மறந்தே போனேன்.

சில மாதம் கழித்துத் திருத்திய தாள் கைக்கு வந்தது. 100க்கு 61. மூன்றாம் பக்கத்து ஓரத்தில் பச்சை மையில், நெருக்கமான கையெழுத்தில் இப்படி இருந்தது: "ஊராட்சிக்கு வரி போடும் அதிகாரம் உண்டு என்கிறீர்கள். சரி. உங்கள் ஊராட்சி போன வருஷம் வீட்டு வரி எவ்வளவு வசூலித்தது?"

எனக்குத் தெரியாது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் எல்லாவற்றையும் பாடப் புத்தகத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு வரி என்பதுகூடத் தெரியாது, அப்பாதான் கட்டுவார். அடுத்த சனிக்கிழமை ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். ஊராட்சிச் செயலர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பதிவேட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். நிலுவைப் பட்டியல் எத்தனை பக்கம் போகிறது, யார் வீடெல்லாம் அதில் இருக்கிறது, இருந்தும் ஏன் யாரும் போய்க் கேட்பதில்லை என்று ஒரு மணி நேரம் பேசினார். உள்ளாட்சி நிதி என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

பச்சை மையில் எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. தாளில் ஒரு சுருக்கொப்பம் மட்டும் இருந்தது. என் ஆசிரியர்கள் யார் யார் என்று கேட்டால் அவரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வார இறுதியில் தொலைநிலை மாணவர்களின் அசைன்மெண்டுகளைத் திருத்துகிறேன். ஓரத்துக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் மதிப்பெண் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மெண்டுக்கு 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்கு 70 சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளும் தொலைநிலைப் படிப்புகளுக்கு இதே அளவைத்தான் சொல்கின்றன: தொடர் மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30, இறுதித் தேர்வுக்குக் குறைந்தபட்சம் 70. ஒரு பாடத்தில் அசைன்மெண்டில் 80, தேர்வில் 52 எடுத்தால் 24ம் 36.4ம் சேர்ந்து 60.4. முதல் வகுப்பு வந்துவிடும். அதே 52 தேர்வில் எடுத்து, அசைன்மெண்டை அவசரமாக எழுதிக் கொடுத்து 60 வாங்கியிருந்தால் மொத்தம் 54.4தான். மூன்று மணி நேரத் தேர்வில் எட்டு மதிப்பெண் கூடுதலாக எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் நேரம் எடுத்து எழுதும் அசைன்மெண்டில் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடலாம்.

இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும் என்பதும் முக்கியம். முதுகலை என்றால் பொதுவாக இரண்டிலும் 40. தேர்வில் 75 எடுத்தவர்கூட அசைன்மெண்ட் கொடுக்கவில்லை என்றால் அந்தப் பாடத்தை முடித்ததாக ஆகாது. கடைசிப் பருவத் தேர்வும் எழுதிவிட்டு, பட்டம் வருகிறது என்று காத்திருந்து, முதல் வருஷத்தில் ஒரே ஒரு அசைன்மெண்ட் விட்டுப்போனதால் இன்னொரு சுற்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருஷத்துக்கு உரிய கேள்விகளுக்குத்தான் எழுத வேண்டும். பழைய கேள்விக்கு எழுதியது செல்லாது. ஒருமுறை தேறிவிட்டால், இன்னும் நல்ல மதிப்பெண் வேண்டும் என்று மறுபடி எழுதித் தரவும் முடியாது. ஜூன் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மார்ச், ஏப்ரல் வாக்கிலும், டிசம்பர் தேர்வுக்குச் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் கடைசி நாள் வரும். ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போடுவார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்த 30ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அசைன்மெண்ட் எதற்காக வந்தது என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

தேர்வு வருவதற்கு முன்பே, பட்டம் வருவதற்கு முன்பே, தொலைநிலைக் கல்வியில் அசைன்மெண்ட் வந்துவிட்டது. 1840ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு நாடு முழுக்கக் கடிதம் அனுப்பலாம் என்று ஆனது. ஐசக் பிட்மன் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் உருவாக்கிய சுருக்கெழுத்தைத் தபாலிலேயே கற்றுக்கொடுத்தார். கற்பவர் பைபிள் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும், அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். பாடத்தை அச்சடித்து விற்பதைத்தான் எல்லோரும் செய்துகொண்டிருந்தார்கள். எழுதி அனுப்பியது திருத்தப்பட்டுத் திரும்பி வந்ததால்தான் அது வகுப்பானது.

1969ல் பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கி, 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள் படிக்க ஆரம்பித்தபோதும் அசைன்மெண்ட்தான் நடுத்தூணாக நின்றது. டியூட்டர் மார்க்டு அசைன்மெண்ட், சுருக்கமாக டி.எம்.ஏ. என்று நம் ஊர் மாணவர்கள் சொல்கிறார்களே, அது அங்கே புழங்கிய பெயர். அங்கே மாணவரின் தாளோடு தனியாக ஒரு படிவமும் போகும். எது நன்றாக வந்திருக்கிறது, எங்கே இடறியிருக்கிறார், அடுத்ததில் என்ன செய்யலாம் என்று ஆசிரியர் அதில் எழுத வேண்டும். ஆசிரியர்கள் ஒழுங்காக எழுதுகிறார்களா என்று திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து வேறு ஆசிரியர்கள் பார்ப்பார்கள். 1985ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இக்னோ வந்தபோது இந்த முறையும் கூடவே வந்தது. அந்த 4 சென்டிமீட்டர் ஓரமும் அந்த நோக்கத்தில் வந்ததுதான்.

நம் ஊரில் "கரஸ்ல படிச்சது" என்று ஒரு இளக்காரம் உண்டு. தபாலில் புத்தகம் வரும், வருஷக் கடைசியில் பரீட்சை எழுதுவார்கள், நடுவில் ஒன்றும் கிடையாது என்ற நினைப்பு. நடுவில் ஒன்றும் இல்லையென்றால் அந்த இளக்காரம் நியாயம்தான். நடுவில் இருக்க வேண்டியது இந்தத் தாள்கள்.

திருத்தும் மேஜையில் என்ன நடக்கிறது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். ஒருவருடைய தாளை முழுக்கத் திருத்தி முடித்து அடுத்தவருடையதை எடுப்பதில்லை. எல்லோருடைய முதல் கேள்வியையும் முதலில் திருத்துவேன், பிறகு எல்லோருடைய இரண்டாவது. அப்போதுதான் முதல் பதில் அட்டகாசமாக இருந்த காரணத்தால் சுமாரான மூன்றாவது பதிலுக்கும் மதிப்பெண் தாராளமாக விழுவது குறையும். கையெழுத்து அழகாக இருந்தால் இரண்டு மூன்று மதிப்பெண் தானாக ஏறிவிடும் என்பது உண்மைதான், நான் அதோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறேன். பத்து தாளுக்கு ஒருமுறை திரும்பிப் போய் முதல் தாளை மறுபடி பார்ப்பேன். களைப்பில் கை இறுகிவிட்டதா, தளர்ந்துவிட்டதா என்று அதில் தெரியும்.

தாள்களில் வாழ்க்கை தெரியும். பாதிப் பதிலில் பேனா மாறும், கையெழுத்து சாயும், ராத்திரி தூக்கம் வந்த இடம் அது. பக்கத்து மூலையில் மஞ்சள் விரல் ரேகை இருக்கும். ஒரு தாளில் குழந்தை கிரேயானால் கிறுக்கியிருந்தது. அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுத நேரமில்லாமல் மேலேயே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பதிலைத் தொடர்ந்திருந்தார். இப்படி எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவருக்கு ஒரு எண்ணை மட்டும் போட்டுத் திருப்பி அனுப்புவது தப்பு. "குட்" என்று எழுதுவதும் கிட்டத்தட்ட அதேதான். எது குட், ஏன் குட் என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

சில வருஷத்துக்கு முன்னால் ஊரக வளர்ச்சிப் படிப்பில் ஒரு தாள் வந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தைப் பற்றிய கேள்வி. எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பதில், அப்படியே பாடப் புத்தகம். 2005ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு குடும்பத்துக்கு 100 நாள், கிராம சபை மூலம் சமூகத் தணிக்கை, பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவி. வரி மாறாமல் வந்துகொண்டிருந்தது. நானும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனேன். ஐந்தாவது பக்கத்தில், எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஒரு வாக்கியம் நடுவில் எட்டிப் பார்த்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "குழியை நாங்கள் மதியத்துக்கு மேல்தான் அளப்போம், அப்போது சரளை விழுந்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது."

அதற்கு அடுத்த வரி மறுபடி புத்தகம்.

புத்தகத்தை ஒப்பிக்க உட்கார்ந்தவருக்கு, ஒரு நொடி தன் வேலை ஞாபகம் வந்திருக்கிறது. நாங்கள் அளப்போம் என்றால் இவர் அந்த வேலையின் பணித்தளப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். இத்தனை பக்கத்திலும் இவர் எழுதியது அந்த ஒரு வரிதான். அதை அடிக்கோடிட்டேன். ஓரத்தில் தமிழிலேயே எழுதினேன்: "இந்தப் பதிலில் மிகச் சிறந்த வரி இது. சரளை விழுந்தவர்கள் என்றால் யார்? ஏன் பார்க்க முடியாது? இதைப் பற்றி எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாதது உங்களிடம் இருக்கிறது." மதிப்பெண் 55தான் போட்டேன். அந்தப் பதிலுக்கு அவ்வளவுதான் போட முடியும்.

இந்த மாதிரி எழுதுவதற்கு ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். திருத்துகிறவர்களுக்குக் கிடைக்கும் தொகை சொற்பம், தாள்கள் கட்டுக் கட்டாக வரும், ஒரு தேதிக்குள் மதிப்பெண் ஏற்ற வேண்டும். எண்ணை மட்டும் போட்டு அனுப்பும் சக ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வீடு இருக்கிறது. தாள்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஆட்களைக் கூட்ட வேண்டியது பல்கலைக்கழகங்களின் வேலை.

எழுதிக் கொடுத்த பதில்களை விலைக்கு வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். கேள்விகள் வெளியான சில நாளிலேயே பதில்கள் தயாராகக் கிடைக்கின்றன. பி.டி.எஃப். வாங்கி, அதைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு, ஏழு தாளில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுக்கிறது, பிழைகூட இருப்பதில்லை. மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்குப் புரிகிறது. ஐந்து பாடம், ஐந்து அசைன்மெண்ட், ஒவ்வொன்றிலும் 500 வார்த்தைப் பதில்கள், எல்லாம் ஒரே மாதத்தில். யாரும் படிக்கப் போவதில்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தால், அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டது ஓரம் காலியாகத் திரும்பி வந்த முந்தைய தாள்கள்.

கேள்வியிலும் கோளாறு இருக்கிறது. "உள்ளாட்சியின் பணிகளை விளக்குக" என்று கேட்டால் விலைக்கு வாங்கிய பதிலே போதும். "உங்கள் ஊராட்சியில் கடைசியாக நடந்த கிராம சபைக் கூட்டத்தில் என்னென்ன தீர்மானம் நிறைவேறியது, அதில் எது நடந்தது" என்று கேட்டால் போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும். தொலைநிலை மாணவர்கள் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள். நேர்முகக் கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத விஷயங்களைக் கையில் வைத்திருப்பவர்கள். அதைக் கேட்காமல் புத்தகத்தையே திருப்பிக் கேட்பது எவ்வளவு பெரிய வீண்!

இன்னொன்று, நேரம். நார்வேயில் டோர்ஸ்டைன் ரெக்கெடால் என்ற ஆய்வாளர் 1970களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். அஞ்சல்வழி மாணவர்களில் ஒரு பிரிவினருக்குத் திருத்திய தாள் சீக்கிரம் போய்ச் சேரும்படி செய்தார். சீக்கிரம் கிடைத்தவர்கள் படிப்பைத் தொடர்ந்தது அதிகம். இது நம் அனுபவத்துக்கும் ஒத்துவருகிறது. தேர்வு முடிந்த பிறகு வரும் தாளை யார் புரட்டிப் பார்ப்பார்கள்? நான் திருத்திய தாள்களே எத்தனையோ, வாங்க ஆள் வராமல் அலமாரியில் கிடந்திருக்கின்றன. 2020ல் பெருந்தொற்றின்போது ஸ்கேன் செய்து இணையத்தில் அனுப்பும் வழி வந்தது. தூரத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம், அரை நாள் சம்பளம் மிச்சம். ஆனால் மதிப்பெண் போடக் கட்டம் இருக்கும் அளவுக்குக் குறிப்பு எழுத இடம் எல்லாத் திரையிலும் கிடைப்பதில்லை. மாணவர் சொன்னபடி ஓரம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார். ஸ்கேனில் அது வெள்ளையாக, அகலமாகத் தெரிகிறது. நான் முடிந்தவரை பி.டி.எஃபிலேயே குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முத்திரை வாங்குங்கள், ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அதையும் செய்யுங்கள். கூடவே, திருத்திய தாளைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுக்குத் திரும்பி வர வேண்டியது. கல்வி மையத்துக்குப் போய், மதிப்பெண் மட்டும் போதாது, தாள் வேண்டும் என்று கேளுங்கள். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை என்றால் ஆலோசனை வகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு வந்து, ஏன் எனக்கு இவ்வளவு என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.

குழி அளந்தவரின் அடுத்த தாள் ஆறு மாதம் கழித்து வந்தது. வேறு பாடம், வேறு கேள்வி, ஊதியமும் உழைப்பும் பற்றியது. இந்தத் தடவை சட்டப் பிரிவுகள் முதல் பத்தியோடு நின்றுவிட்டன. பிறகு கண்மாய் வந்தது. ஒரே இடத்தில் ஒரு மூலை பொலபொலவென்று மண், இன்னொரு மூலை சரளை. காலையில் யாருக்கு எந்த மூலை விழுகிறதோ அதுதான் அன்றைய கூலி. சரளை விழுந்த ஜோடி மண்வெட்டி தெறிக்க வெட்டினாலும் அளவு எட்டாது. டேப்பைப் பிடிப்பவர் அவர்களுடைய பெரியம்மாவாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். நாலு விரற்கடை கூட்டி எழுதினால் மேலிருந்து வந்து மறுபடி அளப்பவரிடம் மாட்டிக்கொள்ள வேண்டும், உள்ளபடி எழுதினால் ராத்திரி சோறு இறங்காது. ஆறு பக்கம். ஆங்கிலம் அங்கங்கே தடுமாறியது, ஆனால் ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 78 போட்டேன்.

கடைசிப் பதிலுக்குக் கீழே, விடச் சொன்ன 4 வரி இடத்தில், தமிழில் பொடிப்பொடியாக எழுதியிருந்தார்:

"திருத்தும் ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு, போன தாளில் கேட்டதற்குப் பதில் இதில் எழுதியிருக்கிறேன். ஓரம் பத்தாது என்றால் கடைசித் தாளின் பின்பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்."

தாளைத் திருப்பினேன். முழுப் பக்கம், வெறுமையாக. அதிலும் இடது பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.